வாத உடம்பா, பித்த உடம்பா? திருகோணமலையில் உடல்வாகு பார்க்க எந்த வழி நல்லது

"போனில் ஒரு செயலி என்னைப் பித்த உடம்பு என்கிறது. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் பார்த்தவர் வாதம் என்றார். அம்மா போகும் பரியாரியாரோ, அதாவது நாட்டு வைத்தியரோ, கபம் என்கிறார். இனி நான் தயிர் சாப்பிடலாமா, கூடாதா?" இந்தக் கேள்வி ஏறக்குறைய இதே வடிவில் பலரிடமிருந்து வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். மீதிப்பேருக்கு நெஞ்செரிவோ மலச்சிக்கலோ மூட்டுவலியோ இருக்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆகவே திருகோணமலையிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்களுக்கு எட்டும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

ஆயுர்வேதம் உடம்பைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறது. ஒன்று, நீங்கள் பிறந்த வாகு என்ன என்பது. இதற்குப் பிரகிருதி என்று பெயர். கருத்தரிக்கும்போதே அமைந்து, தாயின் உணவாலும் அவள் கருவைச் சுமந்த பருவத்தாலும் நிறம் பெற்று, சாகும்வரை பெரிதாக மாறாமல் நிற்பது என்பது நூல்களின் கொள்கை. மற்றது, இன்றைக்கு எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பது. இது விகிருதி. நம்முடைய குடாவுக்கு ஓர் ஆழம் இருக்கிறது, அதன் மேல் அன்றன்றைய அலையும் இருக்கிறது. அலையைப் பார்த்து ஆழத்தைச் சொல்ல முடியாது. உடல்வாகு பார்க்கப் போய்க் குழம்புகிறவர்களில் பெரும்பாலானோர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

உடம்பை நடத்துவதாக நூல்கள் சொல்லும் மூன்று தோஷங்கள்தான் வாதம், பித்தம், கபம். மூன்றும் எல்லோரிடமும் உண்டு. எது ஓங்கியிருக்கிறது என்பதை வைத்து ஏழு வகை சொல்கிறார்கள்: தனித்தனியே மூன்று, இரண்டிரண்டு சேர்ந்தவை மூன்று, மூன்றும் சமமாக நிற்பது ஒன்று. தனி வாகு குறைவு. கலப்பு வாகுதான் அதிகம். அதனால் "நீ பித்தம்" என்று ஒரே சொல்லில் யாராவது முடித்துவிட்டால், இரண்டாவதாக எது நிற்கிறது என்று கேளுங்கள்.

வாகை அறிய உதவும் மிகத் தெளிவான அடையாளம், என் அனுபவத்தில், பசி. செரிக்கவைக்கும் நெருப்பை அக்கினி என்பார்கள். பசி நேரத்துக்கு வந்து, சாப்பிட்டது நேரத்துக்குச் செரித்தால் அது சம அக்கினி. ஒரு நாள் கொள்ளைப் பசி, அடுத்த நாள் வயிறு ஊதிப்போய்ப் பசியே இல்லை என்றால் விஷம அக்கினி. அது வாதத்தோடு சேர்ந்தது. சாப்பாடு அரை மணிநேரம் பிந்தினாலே தலை இடித்து எரிச்சல் வந்தால் தீட்சண அக்கினி, பித்தத்துக்கு உரியது. காலைச் சாப்பாட்டை விட்டாலும் ஒன்றும் ஆகாமல், கொஞ்சம் சாப்பிட்டதும் பாரமாக இருந்தால் மந்த அக்கினி, கபத்தோடு போவது. தோல், முடி, பேச்சு, நடை, நித்திரை எல்லாம் இதற்கு அப்புறம்தான். தோலைச் சவர்க்காரமும் கிணற்று உப்புத்தண்ணீரும் மாற்றிவிடும். பசியை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாதம் இவ்வளவு, பித்தம் இவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஒரே ஆளை இரண்டு வைத்தியர்கள் பார்த்து வேறுவேறு வாகு சொல்வதும் நடக்கிறது. ஆய்வுகளிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆகவே இதை நோய் கண்டுபிடிக்கும் கருவியாக எடுக்காதீர்கள். எதைச் சாப்பிட்டால், எப்போது படுத்தால், எந்தக் காற்றில் என் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனிக்க ஓர் ஒழுங்கு தருகிறதே, அதற்காகத்தான் நான் இதை மதிக்கிறேன். அந்தப் பயன் சின்னது இல்லை.

எதை வைத்து ஒப்பிடுகிறோம்

ஐந்து விடயங்களை வைத்துப் பார்க்கிறேன். பிறவி வாகையும் இன்றைய குழப்பத்தையும் அந்த வழி பிரித்துப் பார்க்கிறதா? சொல்பவர் பொறுப்புள்ளவரா, பதிவு இருக்கிறதா? போக்குவரத்து, இழக்கும் நாட்கூலி, சரக்கு வாங்கும் காசு எல்லாம் சேர்த்து உண்மையில் என்ன செலவு? இரண்டாம், மூன்றாம் முறையும் அதே ஆளிடம் போக முடியுமா? கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே குடிக்கும் இங்கிலிஷ் மருந்தைப் பற்றிக் கேட்பார்களா?

இந்த ஐந்தில் முதலாவதும் நான்காவதும் எனக்கு முக்கியம். ஒரே ஒரு நாள் பார்த்துப் பிறவி வாகு சொல்வது கடினம். அந்த நாளில் உங்களுக்கு நித்திரை இல்லாமல் இருந்திருக்கலாம், மாதவிடாய் வந்திருக்கலாம், முதல் நாள் இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டிருக்கலாம்.

செயலியும் வினாத்தாளும்

செலவில்லை, வீட்டிலிருந்தே பார்க்கலாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தியாவில் 2024இல் ஆயுஷ் அமைச்சு நாடு தழுவிய பிரகிருதிப் பரிசோதனை இயக்கம் ஒன்றை நடத்தி, தொண்டர்களை வைத்துச் செயலி மூலமாகவே மக்களின் வாகைப் பதிவு செய்தது. ஆகவே வினாத்தாள் என்றதுமே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே இருந்து கேட்டு நிரப்பும்போது அது நல்ல தொடக்கம்.

நாங்களே தனியாக இருந்து நிரப்பும்போதுதான் சிக்கல். "வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்கும். கச்சான் என்ற சூடான காற்று அடிக்கிற ஜூலை மாதத்தில் திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்கு இல்லை என்று யார் சொல்வார்? "அதிகம் வியர்க்குமா?", "குளிர்பானம் விருப்பமா?", "கண் சிவக்குமா?" எல்லாவற்றுக்கும் ஆம்தான். குளிரான நாட்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதிய கேள்விகள் எங்கள் ஊரில் எல்லோரையும் பித்தமாக்கிவிடும்.

பருவ ஆலோசனைகளும் அப்படித்தான். பழைய நூல்கள் வட இந்தியப் பருவங்களை வைத்துப் பேசுகின்றன. கோடையில் வாதம் சேரும், மழை தொடங்கியதும் அது பொங்கும், மழை விட்டபிறகு வரும் வெயிலில் பித்தம் ஏறும் என்பது அந்தக் கணக்கு. அங்கே ஆடி ஆவணியில் மழை. இங்கே அதே மாதங்களில் மேற்கிலிருந்து சூடான வறண்ட காற்று, புழுதி, கிணற்றில் தண்ணீர் கீழே. எங்களுக்கு மழையில் பெரும்பகுதி வருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆகவே ஜூலையில் "மழைக்காலம் வந்துவிட்டது, வேர்க்கொம்புத் தண்ணி குடியுங்கள்" என்று செயலி சொன்னால் அது எங்களுக்குச் சொன்ன புத்தி இல்லை. மாதத்தைப் பார்க்காமல் காற்றையும் ஈரத்தையும் பார்த்து நடந்தால் நூலின் கருத்து இங்கேயும் பொருந்தும்.

மறைந்த செலவு ஒன்று உண்டு. பல செயலிகள் விடை சொன்ன கையோடு தூள், குளிசை, எண்ணெய் என்று கடையைத் திறக்கும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்ததாகச் சொன்னது. செயலியின் விடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடையை மூடிவிடுங்கள்.

அரச ஆயுர்வேத, சித்த வைத்தியசாலை

எங்கள் மாவட்டத்துக்கு இது ஒரு வரம். மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் கீழ் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன. வெளிநோயாளராகப் போய்க் காட்டுவதற்குக் காசு இல்லை. அது மட்டுமில்லை, கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. தமிழிலேயே பேசி, தமிழிலேயே கேட்டு, வாய்வு, கிரந்தி, சூடு என்று நாங்கள் சொல்வதை அப்படியே விளங்கிக்கொள்ளும் பட்டதாரி வைத்தியர்கள் இந்த ஊரில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே பொறுப்பு தெளிவாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபை வைத்தியர்களைப் பதிவு செய்கிறது. சட்டத்தின் கண்ணில் ஆயுர்வேதம் என்றால் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை என்ற நாட்டு வைத்தியம் எல்லாமே அதற்குள் அடங்கும். மூதூரில் இருந்து வருபவர் யுனானி வைத்தியரிடம் போனாலும், தம்பலகாமத்தில் இருந்து வருபவர் சித்த வைத்தியரிடம் போனாலும் பதிவு செய்யும் இடம் ஒன்றுதான்.

குறை என்னவென்றால் நேரம். காலை வரிசையில் வைத்தியர் உங்களுக்காக ஒதுக்கக் கூடியது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடத்தில் அவர் பார்ப்பது உங்கள் முறைப்பாட்டை, அதாவது விகிருதியை. அதில் தவறில்லை, வருத்தத்தோடு வந்தவருக்கு முதலில் வேண்டியது அதுதான். பிறவி வாகைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், கூட்டம் குறைந்த நேரத்தில் அல்லது இரண்டாம் முறை போகும்போது. பலர் கேட்பதே இல்லை. கசாயச் சரக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, "அவர் ஒன்றுமே சொல்லவில்லை" என்கிறார்கள்.

செலவில்லை என்றாலும் கணக்குப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. குச்சவெளிப் பக்கத்தில் இருந்து வருபவருக்கு ஒரு நாள் வேலை போகும். மருந்தகத்தில் இல்லாத சரக்கை வெளியில் வாங்க வேண்டி வரும். கசாயம் காய்ச்சுவதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும். பல கசாயங்களில் எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைக்க வேண்டும். காஸ் விற்கிற விலையில் அதுவும் செலவுதான். விறகு அடுப்பு இருந்தால் பரவாயில்லை.

பரம்பரைப் பரியாரியார்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் கடைசித் தீர்ப்புச் சொல்பவர் பெரும்பாலும் இவர்தான்.

நல்ல பரியாரியார் நாடி பார்க்கும் விதத்தை ஒருமுறையாவது கவனித்துப் பாருங்கள். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, பெருவிரல் பக்கத்தில் மூன்று விரல்களை வைப்பார். சுட்டுவிரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிரவிரலில் கபம். ஒவ்வொரு விரலையும் மாற்றி மாற்றி அழுத்துவார், விடுவார். சித்தர் கணக்கில் துடிப்பின் அளவுக்கு மாத்திரை என்று பெயர்; வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை, கபம் கால் என்று நடந்தால் உடம்பு சமநிலையில் இருக்கிறது. அப்போது அவர் பேசமாட்டார், நீங்களும் பேசக் கூடாது. நாடி மட்டும் பார்த்து முடிப்பவரும் இல்லை அவர். நாக்கு, நிறம், குரல், கண், தொட்டுப் பார்த்த சூடு, மலம், சலம், நாடி என்று எட்டும் பார்க்க வேண்டும் என்பது முறை. சிலர் இன்னும் நெய்க்குறி பார்க்கிறார்கள். காலையில் முதலில் போகும் சலத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, காற்று அசையாத இடத்தில் வைத்து, புல் நுனியால் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஹோட்டலில் ஒன்று, பரியாரியாரிடம் வேறொன்று என்று விடை மாறுவது ஏன்? ஆட்கள் வேறு என்பது மட்டும் காரணம் இல்லை. ஆயுர்வேதமும் சித்தமும் சில இடங்களில் வேறு கணக்கில் போகின்றன. ஆயுர்வேதத்தில் பிள்ளைப் பருவம் கபத்துக்கு உரியது, நடுவயது பித்தத்துக்கு, முதுமை வாதத்துக்கு. சித்தத்தில் இளமை வாதத்துக்கும் முதுமை கபத்துக்கும் உரியவை. நடுவயது மட்டும் இரண்டிலும் பித்தம்தான். நாடி நடையும் அப்படி. சித்தத்தில் அன்னம், கோழி, மயில் போல நடந்தால் வாத நாடி. பாம்பு, தவளை போல நடந்தால் கபம். ஆயுர்வேதத்தில் பாம்பு நடை வாதத்துக்கு, அன்ன நடை கபத்துக்கு. அதோடு, நாடி பார்ப்பது சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூல்களில் இல்லை. பிற்காலத்தில், சாரங்கதரர் என்ற நூலாசிரியர் காலத்தில்தான் எழுத்தில் வருகிறது. இரண்டு முறைகளின் முடிவையும் ஒன்றாகக் கலந்து "மூன்று பேரும் மூன்று சொல்கிறார்கள்" என்று அலைவதில் பயனில்லை. ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

பரியாரியாரிடம் இருக்கும் பெரிய பலம், அவர் உங்கள் வீட்டை அறிந்தவர். உங்கள் அப்பாவுக்கு இரத்தமூலம் இருந்தது, அம்மம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தது, நீங்கள் பிறந்தபோது எப்படி இருந்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிறவி வாகு சொல்ல இதைவிட நல்ல தகவல் கிடைக்காது. பட்டதாரி வைத்தியர் கேட்டு அறிய வேண்டியதை இவர் பார்த்தே அறிந்திருக்கிறார்.

பலவீனங்களும் உண்டு. பதிவு பெற்ற பரம்பரை வைத்தியர்களில் பலருக்கு முறிவு, விஷக்கடி, கண் என்று ஒரு துறைக்கு மட்டுமே பதிவு இருக்கும். முறிவுக்குக் கைராசிக்காரர் உங்கள் நெஞ்செரிவுக்கும் சரியாகச் சொல்வார் என்று எண்ண வேண்டாம். மருந்தின் பெயரைச் சொல்லாமல் சரையில் மடித்துக் கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள். செந்தூரம், பற்பம் போன்றவற்றில் உலோகம் சேரும். என்ன மருந்து, எவ்வளவு நாள் என்று துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் குடிக்கிற மருந்து வாங்காதீர்கள். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம் தட்சிணை. "விரும்பியதைக் கொடுங்கள்" என்றாலும் வெற்றிலையில் வைக்கும் தொகை, பழம், சரக்கு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து சில நேரம் தனியார் கிளினிக்கை விடவும் கூடிவிடும்.

ஹோட்டல், ஸ்பா

நிலாவெளி, உப்புவெளிக் கரையில் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் ஆயுர்வேதம் என்ற பலகைகள் கூடும். எண்ணெய் தேய்ப்பும் ஆவிக் குளியலும் உடம்புக்கு இதமானவைதான்; களைத்து வருபவருக்கு அது போதும். ஆனால் தேய்ப்பதற்கு முன் ஒரு தாளில் சில கேள்விகளுக்கு அடையாளம் போடச் சொல்லி, "உங்களுக்கு வாதம், இந்த எண்ணெய்" என்பதை உடல்வாகுத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். பஞ்சகர்மம் என்று சொல்லி ஒரு பிற்பகலில் முடிப்பதையும் நம்ப வேண்டாம். முறையான பஞ்சகர்மத்தில் நெய் குடிப்பித்து, வியர்க்கவைத்து உடம்பைத் தயார்படுத்தவே பல நாள் போகும். அதன் பிறகுதான் வாந்தியோ பேதியோ. அதற்கும் பிறகு கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து ஓகஸ்டில் லீவுக்கு வரும் அண்ணா, அக்காமாருக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் வந்து, நித்திரை குழம்பி, கச்சான் காற்றில் நின்றுகொண்டு பார்த்தால் எவருக்கும் வாதம்தான் கூடியிருக்கும். ஹோட்டலில் பதிவுள்ள வைத்தியர் இருந்தாலும் அவர் சொல்வது அந்த வாரத்து நிலை. ஊரில் இருந்து வெளிக்கிடும் முன், களைப்புத் தீர்ந்த பிறகு பாருங்கள்.

நாங்களே எழுதிப் பார்ப்பது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரு கொப்பியில் தினமும் நான்கு வரி: பசி எப்போது, எப்படி வந்தது, மலம் இறுகியதா, இளகியதா, நித்திரை எப்படி, அன்று என்ன காற்று. அவ்வளவு போதும். மாரியில் சில வாரம், கச்சானில் சில வாரம், இடையில் பங்குனி சித்திரையில் சில வாரம் எழுதினால் எந்தப் பருவத்திலும் மாறாமல் நிற்பது எது, காற்றோடு வந்து போவது எது என்று தானாகத் தெரியும். மாறாதது பிரகிருதி. வந்து போவது விகிருதி.

என் சித்தியின் கொப்பியில் கண்டது இது. ஓகஸ்டில் தோல் வெடிப்பு, மலச்சிக்கல், இரவில் நித்திரை இல்லை. எந்த வினாத்தாளில் போட்டாலும் வாதம்தான் வரும். டிசம்பரில் அவை ஒன்றும் இல்லை. ஆனால் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு இல்லாவிட்டால் அவவுக்குக் கோபம் வரும், வாய் கசக்கும், தலை இடிக்கும். அவவின் வாகு பித்தம். வாதம் கச்சானோடு வந்த விருந்தாளி. இதைப் பார்த்த வைத்தியர் வேர்க்கொம்பும் மிளகும் சேர்ந்த சூடான மருந்தைத் தவிர்த்து, எண்ணெய் முழுக்கும் நெய்யும் சொன்னார். வாதம் என்று மட்டும் எண்ணிச் சூட்டு மருந்து கொடுத்திருந்தால் நெஞ்செரிவு வந்திருக்கும்.

கொப்பி இன்னொரு பழக்கத்தையும் சோதிக்க உதவும். தயிர் குளிர்ச்சி என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். ஆயுர்வேத நூல்கள் தயிரைச் சூடு என்றும், பித்தத்தையும் கபத்தையும் கூட்டும் என்றும், இரவில் ஆகாது என்றும் சொல்கின்றன. கடைந்த மோர்தான் இலேசு. கிண்ணியா எருமைத் தயிரும் பாணியும் இரவில் சாப்பிட்டு, அடுத்த நாள் காலை எப்படி இருந்தது என்று சில தடவை எழுதிப் பாருங்கள். சிலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தொண்டையில் சளி கட்டும். உங்களுக்கு எது என்பதைக் கொப்பிதான் சொல்லும். இறால், நண்டு, கத்தரிக்காய் போன்ற கிரந்திச் சாப்பாடுகளையும் இப்படியே பார்க்கலாம்.

இதன் குறை, மூன்று நாள் எழுதிவிட்டு விட்டுவிடுவோம் என்பது. மற்றது, எழுதுகிறவர் எல்லாவற்றையும் நோயாகக் காணத் தொடங்கலாம். மனப்பதற்றம் அதிகம் உள்ளவர்கள் தனியாக இதைச் செய்யாமல் வைத்தியரோடு சேர்ந்து செய்வது நல்லது.

ஒரே பார்வையில்

| வழி | வாகையும் குழப்பத்தையும் பிரிக்குமா | பொறுப்பு | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| செயலி, வினாத்தாள் | பெரும்பாலும் இல்லை | இல்லை | விற்கும் மருந்துகள் | ஆர்வத்துக்குத் தொடங்குபவர் |
| அரச வைத்தியசாலை | கேட்டால் பிரிப்பார்கள் | பதிவு உண்டு | ஒரு நாள் வேலை, காய்ச்சும் செலவு | வருத்தம் உள்ளவர், வேறு மருந்து குடிப்பவர் |
| பரியாரியார் | குடும்பத்தை அறிந்தவரானால் நன்றாக | ஆளைப் பொறுத்தது | தட்சிணை, பெயர் தெரியாத மருந்து | தலைமுறையாகப் பழகிய வீடு |
| ஹோட்டல், ஸ்பா | இல்லை | இடத்தைப் பொறுத்தது | கட்டணம், தொடர்ச்சி இல்லை | ஓய்வு தேடுபவர் |
| சொந்தக் கொப்பி | காலம் எடுத்தாலும் ஆம் | உங்களுடையது | பொறுமை | எல்லோரும் |

என் தேர்வு

வருத்தம் இல்லாத, சும்மா தெரிந்துகொள்ள விரும்பும் ஆளுக்குக் கொப்பி முதலில். ஒரு மாரியும் ஒரு கச்சானும் எழுதியபின் அதை அரச சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எழுத்தோடு வருபவரைப் பார்த்தால், அவசரத்திலும் வைத்தியர் தலை நிமிர்ந்து இரண்டு கேள்வி அதிகம் கேட்பார்.

நீண்ட நாள் மலச்சிக்கல், மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி என்று இருப்பவர்கள் நேரே அரச வைத்தியசாலைக்குப் போகலாம். வீட்டுக்குப் பழகிய, பதிவுள்ள பரியாரியார் இருந்தால் அவரும் சரி. இருவரிடமும் ஒரே நேரத்தில் மருந்து குடிக்காதீர்கள்.

சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தத்துக்கு மருந்து குடிப்பவர்களுக்கு அரச வைத்தியசாலை தவிர வேறு வழியை நான் சொல்லமாட்டேன். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் உள்ளி, இஞ்சி சேர்ந்த மருந்தைத் தன் இஷ்டத்துக்குக் குடித்தால் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அமுக்கிரா, சீந்தில் இரண்டாலும் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. "மூலிகைதானே" என்று நினைக்காதீர்கள். வேலை செய்கிற எந்த மருந்துக்கும் பக்கவிளைவு இருக்கும். வாகுக்கு ஏற்ற சாப்பாடு என்று தொடங்கிச் சீனி வருத்தக் குளிசையை நிறுத்துவதை எந்த நல்ல வைத்தியரும் ஒத்துக்கொள்ளமாட்டார். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதே சொல்தான். சரக்குத் தண்ணி போன்ற வீட்டு வழக்கங்கள் வேறு, பேதிக்குக் கொடுக்கும் மருந்து வேறு.

வாகு பார்க்கும் கதைக்கே இடமில்லாத நேரங்களும் உண்டு. மாரியில் வரும் காய்ச்சலைப் பித்தக் காய்ச்சல் என்று சொல்லி மல்லித் தண்ணியோடு வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்றால் டொக்டரிடம் காட்டி, சொல்கிற நாளில் இரத்தம் பாருங்கள். நெஞ்சுவலி, மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, ஒரு பக்கம் கை கால் விறைப்பது எல்லாம் உடனே பெரியாஸ்பத்திரிக்கு.

போகும்போது

காலையில், சாப்பிடுவதற்கு முன் போவது நல்லது. சாப்பிட்ட உடனும், வெயிலில் நடந்து போன உடனும், குளித்த உடனும் நாடி மாறி நிற்கும்; கொஞ்சம் ஆறியிருந்து கையைக் கொடுங்கள். நாக்கைச் சுரண்டாமல் போங்கள், வைத்தியர் அதன் படிவைப் பார்க்க வேண்டும். குடிக்கிற இங்கிலிஷ் மருந்தின் அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் பையில் போடுங்கள். உட்கார்ந்ததும் "நான் பித்தம் என்று செயலி சொன்னது" என்று தொடங்காதீர்கள்; அவர் தன் கண்ணால் பார்த்து முடிக்கட்டும். பார்த்து முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: என் பிறவி வாகு எது, இன்றைக்குக் குழம்பியிருப்பது எது, இந்த மருந்தை எந்த நாளில் நிறுத்துவது. மூன்றாவதற்குப் பதில் வாங்காமல் எழும்ப வேண்டாம்.